இரண்டு காலுக்கும் ஒரே அளவு எண்ணெய்

ஸ்ரீரங்கம்,
புதன்கிழமை

சிரஞ்சீவி பராசரனுக்கு அக்கா கோதைநாயகி அநேக ஆசீர்வாதம். ரங்கநாதன் கடாட்சத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இடுப்பு வலி தேவலையா?

இன்று காலை நம் ஆத்துக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்திம்பேர், என் பெண் மாதுரி, அத்திம்பேரின் சிநேகிதர் பாலக்கரை அப்துல் ஹலீம் பாய், ஊஞ்சல் கொக்கியில் தொங்கிய உன் பழைய மவுண்டன் பைக். போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

புனேவுக்குப் போகும்போது நீ மாதுரிக்கு விட்டுப்போன பைக்கில், குலுக்கலை வாங்கிக்கொள்கிற முன் ஃபோர்க் கொஞ்ச நாளாகவே சரியில்லை. கொள்ளிடக் கரைப் பள்ளத்தில் இறங்கினால் 'க்ளக்' என்று உள்ளே போகும், எழுந்திருக்க யோசிக்கும், அதன் இரண்டு குழாய்க் காலிலும் எண்ணெய் கசியும். அடுத்த மாதம் பச்சைமலையில் அவளுக்கு முதல் போட்டி. கடைக்காரர் 'தேஞ்சு போச்சுங்க, புதுசு போடுங்க' என்றாராம். அதைக் கேட்ட அத்திம்பேர் பைக்கை விற்றுவிடுவதாகச் சத்தமில்லாமல் பாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பாயை டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறாராம். இன்று காலை பாய் வாசலில் வந்து நிற்கிறார், மாதுரி கண்ணைக் கசக்குகிறாள். நானோ மத்தியானங்களில் வீடியோ பார்த்தே சர்வீஸ் வேலையைக் கற்றுக்கொண்டு, கசிவை அடைக்கிற புது ரப்பர் சீலும் எண்ணெயும் வரவழைத்துப் பலகாரப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன். "பாய், காபி சாப்பிடுங்கோ. அதுக்குள்ள ஒரு சின்ன வேலை இருக்கு" என்றேன்.

தளிகை முடித்து மடியாக இருந்ததால் முதலில் எட்டி நின்றுதான் உத்தரவு போட்டேன். ஃபோர்க்கில் அடைத்திருந்த காற்றைப் பிடுங்கியாயிற்று, அடி போல்ட்டையும் தளர்த்தியாயிற்று. "ஏன்னா, மெதுவா தட்டுங்கோ." "முப்பது வருஷம் ஆபீஸ் நடத்தினவன்டி நான். ஒரு சுத்தியல் பிடிக்கத் தெரியாதா?" என்று ஓங்கித் தட்டினார் பாரு, கீழ்க்குழாய் முழுசும் கழன்று அவர் மடியில் வந்து உட்கார்ந்தது, கரி எண்ணெய் முழுக்க வேஷ்டியில். அதற்கப்புறம் என்ன மடி? திரும்பக் குளித்தால் போச்சு என்று இறங்கிவிட்டேன். பழைய சீலை நெம்பி எடுத்து, திருமஞ்சனம் பண்ணுகிற மாதிரி குழாய்களைத் துடைத்தேன். புது சீல் உள்ளே இறங்குவேனா என்றது. கிடுகிடுவென்று போய்ச் சேவை பிழிகிற நாழியின் உலக்கையைக் கொண்டுவந்து வைத்து அழுத்தினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. "அம்மா, நாளைக்குச் சேவை?" என்றாள் மாதுரி. "நாளைக்கு உப்புமா" என்றேன்.

அடுத்தது எண்ணெய். வலது காலுக்கு நிறைய, இடது காலுக்குக் கொஞ்சம் என்று சீலோடு வந்த தாளில் போட்டிருந்தது. ஒட்டி நிற்கிற இரண்டு காலில் ஒன்றுக்கு வார்த்து, இன்னொன்றுக்குக் கண்ணில் காட்டுவதா? நம்மாத்தில் யாராவது பந்தி வஞ்சனை பண்ணியிருக்கிறோமா, நீயே சொல்லு. இரண்டுக்கும் நிறையவே விட்டேன். எல்லாம் மாட்டி, காற்றடித்து, மாதுரி ஏறி அழுத்தினால் ஃபோர்க் பாதி இறங்கிக் கல்லாட்டம் நிற்கிறது.

"முடிஞ்சுது. பாய், எடுத்துண்டு போங்கோ" என்றார் அத்திம்பேர்.

"இரு இரு. அம்மா, இடது பக்கம் எவ்வளவு விட்டே?"

அளவையும் காரணத்தையும் சொன்னேன்.

"ஃபோர்க்குக்குமா பந்தி வஞ்சனை கூடாதும்பே? இடது கால்ல காத்து அமுங்க இடம் வேண்டாமா?"

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த பாய், "எங்க வீட்டு விருந்துலயும் எல்லாருக்கும் சமமாத்தான் மாமி வைப்போம். ஆனா போதும்னு கையைக் காட்டினா விட்டுடுவோம்" என்றார்.

மறுபடி இடது காலைக் கழற்றி, இருந்ததை வடித்து, போதும் என்கிற அளவுக்கு மட்டும் விட்டேன். பராசரா, இப்போது நீ பார்க்கணும், தோளுக்கினியான் பல்லக்கில் பெருமாள் ஏறி அசைந்து வருகிற மாதிரி வாசற்படியில் இறங்கி ஏறுகிறது. ஆனாலும் உன் அத்திம்பேர், கொடுத்த வாக்கு வாக்குதான் என்கிறார். பைக் உன்னுடையது. விற்கக்கூடாது என்று நீயே அவருக்குக் கண்டிப்பாக ஒரு வரி எழுது.

ஆத்தில் எல்லோருக்கும் என் ஆசியைச் சொல்லு. தாயார் உங்களை நன்னா வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா கோதைநாயகி

பின்குறிப்பு: மேலே கேட்டபடி எழுதிவிடாதே. 'நல்ல நிலையில்தான் கொடுக்கறோமான்னு பாக்கறேன்' என்று வேஷ்டியை மடித்துக் கட்டி ஏறிய உன் அத்திம்பேர், கொள்ளிடம் வரை போய்ச் சேறும் சிரிப்புமாக இப்போதுதான் திரும்பினார். "மன்னிச்சுக்கணும் பாய், இதைக் கொடுக்கறதா இல்லை" என்றார். "நடந்தாலே போதும்னு டாக்டர் சொன்னாருங்க" என்று பாய் நடந்தே போய்விட்டார். மாதுரி பைக்கைக் கேட்டதற்கும் அத்திம்பேரிடம் அதே 'கொடுக்கறதா இல்லை'தான்; பூட்டுச் சாவி இப்போது அவர் பூணூலில் இருக்கிறது. போட்டிக்கு உன் புது பைக்கை அனுப்ப முடியுமா? சீக்கிரம் பதில் போடு.