சுந்தரியின் பல்வரிசை

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். எம். புதுப்பட்டியில் ஒரு நாயின் வாய்க்குள் பார்த்துவிட்டு ஒரு வீடே அரண்டுபோன கதையைச் சொல்கிறேன்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி அய்யாதுரை, சுந்தரியின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தவர் அப்படியே பின்னால் நகர்ந்தார்.

"ஏ முத்துமாரி, இது பல்லா, சுண்ணாம்புக் காளவாசலா?"

சுந்தரி சிப்பிப்பாறை நாய். பல்லெல்லாம் மஞ்சளாகக் காரை ஏறியிருந்தது. வாடை வேறு. வருகிற தீபாவளிக்குப் புது வெடி ஒன்றின் லேபிளில் சுந்தரி படத்தைத்தான் போடப்போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"வெள்ளிக்கிழம போட்டோ எடுக்க வாராக. பல்லு பளிச்சுனு தெரியணும். இல்லைனா ராசபாளையம் நாய் ஒண்ணு வாங்கிட்டு, இத ஆலங்குளத்துல மச்சான் கல்குவாரிக் காவலுக்கு அனுப்பிருவேன்."

வீட்டு வேலை பார்க்கும் முத்துமாரியம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் திறக்காத குட்டியாக வந்த சுந்தரிக்குப் பாலாடையில் பால் புகட்டி வளர்த்தவள் அவள்தான். ஓலைவெடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் ஒளிகிற நாய், குவாரியில் எப்படிப் பிழைக்கும்?

தான் பல் துலக்கும் ரோஸ் பல்பொடியை விரலில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். காரை அசையவில்லை. சுந்தரியின் வெள்ளை மோவாய்தான் சிவந்துபோனது.

முதலாளியின் மனைவி ரோஷினி பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "யாரைக் கடிச்சுச்சு?"

"யாரையும் கடிக்கலக்கா. பல்லு வெளக்குனேன்."

"நாய்க்கா?"

"எனக்கு காலையிலயே வெளக்கிட்டேன்."

துப்பத் தெரியாத நாய் பொடியை விழுங்கியிருந்தது. மதியம் கூடத்துக் கம்பளத்தில் வாந்தி எடுத்தது. அடுத்த நாள் கறிக்கடைக்காரர் யோசனை சொன்னார். "எலும்பக் கடிச்சா காரை தன்னால உதிரும்." பெரிய தொடை எலும்பாகவே கொடுத்தார். சுந்தரி ஆசை ஆசையாகக் கடித்தது. டக்கென்று ஒரு சத்தம். காரை உதிரவில்லை. கோரைப்பல் ஒடிந்து தரையில் கிடந்தது.

முத்துமாரி அந்தப் பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, நாயோடு ஆட்டோவில் ஏறி மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். நடந்ததைக் கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மனுசப் பல்பொடிய நாய்க்குப் போடலாமாம்மா? அம்புட்டுப் பெரிய எலும்பக் குடுத்தா பல்லு ஒடியாம என்ன செய்யும்?"

மயக்க ஊசி போட்டுக் காரையைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, ஆடிக்கொண்டிருந்த மேல் பற்களும் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன.

"ஐயா, நீங்களுமா புடுங்குறீக?"

"வேரு அழுகிப்போச்சும்மா. வலியோடதான் இத்தன நாளும் தின்னுருக்கு. இனிமே நல்லாத் திங்கும். மிச்சப் பல்ல தெனமும் ஈரத்துணிய வெரல்ல சுத்தி மெல்லத் தேச்சுவிடு."

"அது சரிங்கய்யா. போட்டோவுக்கு?"

"என்ன போட்டோ?"

வெள்ளிக்கிழமை முதலாளி ஆர்டர் விஷயமாகச் சென்னையில் இருந்தார். படம் எடுக்கிற நேரம் பார்த்துச் சுந்தரி பெரிய கொட்டாவி விட்டது. மேல்வாய் வெறிச்சோடிக் கிடந்தது. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் செய்கிற புகழேந்தி கேமராவை இறக்கிவிட்டான்.

"என்னக்கா இது, உள்ள யாருமே இல்ல?"

முத்துமாரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இதக் குவாரிக்கு அனுப்பிருவாகய்யா."

"அழாதீகக்கா. கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு?"

அடுத்த வாரம் புகழேந்தி லேபிள் கட்டோடு வந்தான். முதலாளி கட்டைப் பிரிக்க, முத்துமாரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மெல்லத் திறந்து பார்த்தாள். லேபிளில் சுந்தரி வாய் நிறைய வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"பல்லுன்னா இதுதான் பல்லு," என்றார் முதலாளி. "இப்படி ஒரு லட்சணத்த நான் எந்த நாய்கிட்டயும் பாத்ததில்ல. சுந்தரி எங்கயும் போகாது. லோடு பூரா இதே லேபிள ஒட்டச் சொல்லு."

ரோஷினி மட்டும் லேபிளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "எனக்கு என்னமோ தெரிஞ்ச மொகமா இருக்கு."

முத்துமாரி புகழேந்தியை வாசலுக்கு இழுத்துப் போனாள். "புண்ணியவானே, இம்புட்டு அழகான பல்லு எந்த நாயோடது?"

புகழேந்தி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நாயோடதா? காலண்டருக்கு மொதலாளி சிரிச்சு எடுத்த போட்டோதான்க்கா கம்ப்யூட்டர்ல கெடந்துச்சு."

கண்ணுகளா, உங்கள் வீட்டு மனிதரும், வாசல் நாயும், அடுப்படிப் பூனையும் பல் நோவு அறியாமல் வயிறாரத் தின்று, அவரவர் பல்லாலேயே சிரித்து வாழட்டும்.