ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி

"அரிசி மூட்டையப் பொரட்டவே ஆள் கூப்புடுவே. நீ போயி ஊரான் வீட்டு நோயாளியத் திருப்பச் சொல்லிக் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள் அம்மா, நான் வேலையில் சேர்ந்த அன்று. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆகவே பயிற்சிச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். (சாமிதான் கொஞ்சம் நகர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.)

குணப்படுத்த முடியாத நோயாளிகளை வீட்டிலேயே வேதனை இல்லாமல் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தாருக்குக் கற்றுத் தருவது என் வேலை. நான் தனியாகப் போன முதல் வீடு கெலமங்கலத்தில், மாட்டு வியாபாரி காதர் பாயுடையது. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதுகில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைக்காவிட்டால் புண் எலும்பு வரை போகும். ஆனால் யார் கிட்டே போனாலும் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். மனைவியும் மருமகளும் நான்கு நாளாக அவரைத் திருப்பவே இல்லை.

பயத்தில் நான் அவர்களுக்குக் குறைந்தவளல்ல. பஸ்ஸிலேயே உள்ளங்கை வேர்த்து டிக்கெட் கூழாகியிருந்தது. நான் தொட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு யோசனை செய்தேன். (யோசனை என்பது கௌரவமான சொல். தப்பிக்கப் பார்த்தேன்.)

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, விரிப்பை விரித்து, நானே படுத்துக்கொண்டேன். "முதல்ல என்னை வெச்சுப் பழகுங்க. நான்தான் நோயாளி. பயப்படாம விரிப்பப் புடிச்சு இழுங்க." கண்ணை மூடினேன்.

அவர்கள் பயப்படவில்லை. விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் திடீரென்று இழுத்தார்கள். மறுபக்கம் தாங்க ஒருவர் நிற்க வேண்டும் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. உடம்பு உருண்டது. எந்தப் பக்கம் போகிறேன், எங்கே முடியும், எதுவும் தெரியவில்லை. அந்த அரை நொடியில் சுடுகாடு வரை போய் வந்தேன். தரையில் விழுந்தபோதுதான் அலறிக்கொண்டிருப்பது நான் என்று தெரிந்தது. என் கை இறுக்கிப் பிடித்திருந்தது காதர் பாயின் கட்டில் கம்பியை, அவர் கைக்குப் பக்கத்தில்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அடி பட்டுச்சாம்மா?"

"இல்லீங்க. பயந்துட்டேன்."

"வலியக்கூடத் தாங்கிக்கலாம். எனக்கும் இந்தப் பயந்தாம்மா. எப்ப இழுப்பாங்க, எங்க விழுவேன்னே தெரியாது."

ஓசூரில் கிரேன் ஓட்டும் மகன் அன்வர், ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தார். "எங்க கம்பெனியில ஒரு இரும்புத் துண்டத் தூக்கறதுக்கே மூணு தடவ கொரல் குடுப்போம் மேடம். அத்தாகிட்ட ஒண்ணும் சொல்லாம இழுத்துகினு இருக்கோம்."

என் பாடக்குறிப்பில் 'நோயாளியிடம் முதலில் சொல்லவும்' என்பதுதான் முதல் வரி. முதல் வரி என்பதாலேயே தாண்டிப் போயிருந்தேன்.

அன்வர் மறுபக்கம் போய் நின்றார். "அத்தா, என் பக்கமாத் திருப்பப் போறோம். நான் இங்கதான் நிக்கிறேன், வுழ மாட்டீங்க. மூணு சொன்னதும்."

பாய் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். "மெதுவாடா. டீச்சரம்மாவ இழுத்த மாதிரி இழுத்துறாதீங்க."

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். புண் ஆறித்தான் போனார். இன்றும் அந்த வீட்டில் யாராவது கட்டிலை நகர்த்தினால், "டீச்சரம்மா கீழ கெடக்கறாங்களா பாரு" என்கிறார்களாம்.

போன வாரம் மத்தூரில் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு. குரல் கொடுப்பதைச் சொல்லித்தர அன்வரை லீவு போடச் சொல்லி அழைத்துப் போயிருந்தேன். கற்றுக்கொள்ள வந்த ஒவ்வொருவரையும் படுக்க வைத்து, மற்றவர்களைத் திருப்பச் சொன்னோம். முதலில் போய்ப் படுத்தவள் நான்.