சாவியில்லாத வெளிச்சம்

சாவி கைப்பையில் இருக்கிறதென்றால், இத்தனை நாளும் இயந்திரத்தில் என்ன இருந்தது?

தலைவலித் தைலம் தேடித்தான் தடகள அணியின் பிசியோதெரபிஸ்ட்டான அவள் பையைக் கவிழ்த்தாள். விழுந்தது தசைவலிக்குக் கதிர் பாய்ச்சும் புது லேசரின் சாவி. உறைகூடப் பிரிக்கவில்லை. தொலைந்துவிடக் கூடாதென்று இயந்திரம் வந்த அன்றே பத்திரமாக எடுத்து வைத்தது. பத்திரம்தான், அவளுக்கே தெரியாத அளவுக்கு.

பழைய லேசருக்குச் சாவி போடாவிட்டால் உயிரே வராது. புதியது அப்படியில்லை. சாவி இல்லாமலும் விளக்கு எரியும். இடம் காட்டுகிற சிவப்புப் புள்ளி தோலில் விழும். பழகுகிறவர்களுக்காகச் செய்து வைத்த வசதி. தசையை ஆற்றுகிற கதிர் வேறு. அது கண்ணுக்குத் தெரியாது, சுடாது, குத்தாது. சாவி போட்டால்தான் வரும். வந்ததா இல்லையா என்று காலுக்கே தெரியாது.

ஆனால் அந்தக் கால் குணமாகியிருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

சாதாரணக் காலா அது? நாளைக்கு நடக்கும் இறுதி ஓட்டத்துக்கு அணி மொத்தமும் நம்பியிருக்கும் கால். தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி இந்த அறைக்கு வந்தான் ஓட்டக்காரன். சிவப்புப் புள்ளி பட்ட இரண்டாம் நாளே, "மேடம், உங்க கைராசியே ராசி! வலின்னு ஒண்ணு இருந்துச்சான்னே தெரியல" என்றான். அவள் அழுத்திப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. தினமும் முன்னதாகவே வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வருவான். எவ்வளவு ஒழுக்கம் என்று வியந்திருக்கிறாள்.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"அப்போ நிஜமாவே டார்ச் அடிச்சிட்டுதான் இருந்திருக்கே" என்றான் அவன். அவள் வேலைக்கு அவன் வைத்த பெயர் அது.

"விளையாடாதீங்க. தசை உள்ள ஆறலைன்னா நாளைக்கு ஓடறப்போ கிழிஞ்சிடும். அப்புறம் அந்த ஆளால ஓடவே முடியாது."

"வலிதான் போயிடுச்சே? வாயை மூடிட்டு இரு. சாயங்காலம் வந்து என் முதுகுக்கும் அதே மாதிரி சும்மா அடி."

வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் நிஜக் கதிரைக் கொடுத்துவிடலாம், கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். ஓட்டக்காரனை உடனே வரச் சொன்னாள். அவன் தண்ணீர் பாட்டில்கூட எடுக்காமல் மூச்சிரைக்க வந்து குப்புறப் படுத்தான். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். அவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

இயந்திரம் 'கீய்ங்' என்று கத்தியது.

இவ்வளவு நாளும் புது இயந்திரம் எத்தனை அமைதி என்று பெருமைப்பட்டிருந்தாள்.

"அம்மா!" என்று அலறினான் அவன். கால் துள்ளியது. திரும்பிப் படுத்துத் தொடையைப் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்… சத்தத்துல பயந்துட்டேன்." கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போன கையோடு அணியின் கோச் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன பண்ணீங்க? நேத்து குதிச்சிட்டு இருந்த பையன் இன்னைக்கு ஏன் சுவத்தைப் பிடிச்சிட்டு நடக்கிறான்?"

"கொஞ்சம்… அளவு கூடிடுச்சு சார்."

"யாரு கூட்டச் சொன்னது? நேத்து குடுத்ததையே குடுங்க!"

நேற்றுக் கொடுத்தது ஒன்றுமில்லை. அதை எந்த அளவில் திரும்பக் கொடுப்பது?

மதியம் சாவியை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஓட்டக்காரன் வழக்கம்போல் முன்னதாகவே வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், சிரித்தபடி உள்ளே வந்தான். சிவப்புப் புள்ளி தொடையில் ஊர்ந்தது. எழுந்து நின்று இரண்டு முறை குதித்துக் காட்டினான்.

"இதுதான் மேடம்! காலையில அது வேற ஏதோ."

பக்கத்தில் நின்று பார்த்த கோச்சுக்கு முகம் மலர்ந்தது. "என் கழுத்துலயும் ஒரு கை பாருங்களேன். பத்து வருஷப் பிடிப்பு." சட்டைக் காலரை இறக்கி, கறுப்புக் கண்ணாடியோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். அவள் வேறு வழியின்றிப் புள்ளியைக் காட்டினாள்.

"ஆகா… உள்ள இளஞ்சூடா இறங்குது பாருங்க!"

செய்தி மைதானம் முழுக்கப் பரவியது. ஈட்டி எறிகிறவர் தோளைத் தூக்கிக்கொண்டு வந்தார். உயரம் தாண்டும் பெண் கணுக்காலைக் காட்ட வந்தாள். "அந்தச் சத்தம் போடாத லேசர்" என்று கேட்டுக் கேட்டு வெளியே வரிசை நின்றது.

அவள் கோட்டுப் பையில் சாவியை நெருடிக்கொண்டே இருந்தாள். எத்தனை பரீட்சை எழுதினேன், எத்தனை தசையின் பெயரை மனப்பாடம் செய்தேன். கடைசியில் என்னிடம் இருந்ததெல்லாம் இந்தச் சிவப்புப் புள்ளிதானா? நிஜக் கதிர் வலியைக் கொடுக்கிறது, பொய் வெளிச்சம் எடுக்கிறது என்றால், இதுவரை என் கையால் குணமானவர்கள் எல்லாம் எதனால் குணமானார்கள்? வீட்டில் இருபது வருடமாகக் கணவனிடம் 'ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லி வருகிறேனே, அதுவும் இந்த மாதிரி ஒரு வெளிச்சம்தானோ?

கோச் போனை நீட்டினார். "தேர்வுக் குழுக்காரங்க லைன்ல இருக்காங்க மேடம். கால் சரியாயிடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கு ஓடுவான்."

ஓட்டக்காரன் இரண்டு கைகளையும் குவித்தான். "சொல்லிடுங்க மேடம். நாலு வருஷமா இந்த ஒரு ஓட்டத்துக்குத்தான் உயிரை விட்டுட்டு இருக்கேன்."

சொல்லிவிடலாம் போலிருந்தது. குதித்தானே, கண்ணால் பார்த்தாளே. நம்பிக்கைதான் மருந்தென்றால் அதைக் கெடுக்க அவள் யார்? போனுக்குக் கை நீட்டினாள்.

உயரம் தாண்டும் பெண் கதவிடுக்கில் தலையை நுழைத்தாள்.

"அக்கா, எனக்கு இன்னும் நேரமாகுமா? லேசருக்கு முன்னாடி போட்டுக்கிற வலி மாத்திரையை மட்டும் இப்பவே குடுத்துடுங்களேன். அண்ணன் தினமும் பெஞ்சுல உட்கார்ந்து ரெண்டு ரெண்டா முழுங்கிட்டுத்தானே உள்ள வர்றாரு?"

ஓட்டக்காரன் தண்ணீர் பாட்டிலை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

கோச்சின் கை நீட்டியபடியே நின்றது. போனுக்குள் யாரோ, "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

அவள் நீட்டிய கையை மடக்கிக் கோட்டுப் பைக்குள் விட்டாள். சாவியை எடுத்தாள்.

"என்னால சொல்ல முடியாது சார்" என்றாள் மெதுவாக. பிறகு ஓட்டக்காரனைப் பார்த்து, "குப்புறப் படுங்க. இந்தத் தடவை சத்தம் வரும்."