சராசரி பூஜ்யம் நாள்

"நீங்கள் இப்போது வரிசையில் நாற்பத்து மூன்றாவது இடத்தில் இருக்கிறீர்கள்" என்றது தொலைபேசி.

"காலையில நாப்பத்தொண்ணுன்னு சொல்லுச்சேடா?" என்றாள் நோலீன் பாஸ்கோ.

"ஆமா."

"அப்ப நாம பின்னாடியா போறோம்?"

"பேசாம இரும்மா. சத்தம் கேட்டா கட் பண்ணிடப் போறாங்க."

அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் இரண்டு மணி பதினோரு நிமிஷமாகக் காத்திருப்பவனுக்கு எந்த விதியும் இருக்கலாம் என்றுதான் தோன்றும். டேரல் போனைப் பழக்கிண்ணத்துக்குள் வைத்திருந்தான். கிண்ணத்தில் பழம் இல்லை, சத்தம் நன்றாக எதிரொலித்தது. பதினோரு விநாடிப் புல்லாங்குழல் முடியும், மறுபடி தொடங்கும். நாய்க்குக்கூட அந்த மெட்டு மனப்பாடம்.

ஜூலை மாதம், பூமியின் அந்தத் தென்பக்கத்தில் நடுக்குளிர்காலம். வாரன்கூப் ஊரில் காலையில் புல்தரை வெள்ளையாக உறைந்து கிடக்கும். நோலீன் இரவு அங்கியின் மேல் செத்துப்போன புருஷனின் கோட்டைப் போட்டு, அதன் மேல் போர்வையைச் சுற்றி, கால் மேல் நாயைப் படுக்கவைத்து உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஹீட்டர் இருந்தது. எரியவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் போர்வை மடித்தவள், பிப்ரவரியில் வேலையை விட்டாள். மார்ச்சில் முதியோர் பென்ஷனுக்கு மனு போட்டாள். பென்ஷன் வருகிற அன்றைக்குத்தான் ஹீட்டரைத் தொடுவேன், கேஸ்காரனுக்குக் கடன் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். மகன் டேரல், வயது முப்பத்து நாலு, இறைச்சித் தொழிற்சாலை மூடியதிலிருந்து அரசாங்கம் தரும் வேலையில்லாப் பணத்தில் இருந்தான். அந்தப் பணத்தில் கேஸ் வாங்கவும் சம்மதிக்க மாட்டாள்.

புல்லாங்குழல் நின்றது. இருவரும் நிமிர்ந்தார்கள்.

"அழைப்புகள் அதிகமாக இருப்பதால் பிறகு முயலவும். உங்கள் பொறுமைக்கு நன்றி."

"எனக்குப் பொறுமை இருக்குன்னு இவனுக்கு எவன் சொன்னான்?" என்றாள் நோலீன்.

அன்று மத்தியானமே வானொலியில் அமைச்சர் பேசினார். தாமதத்துக்கு ஒரே காரணம் ஆள் பற்றாக்குறை. ஆகவே வாரன்கூப் மக்கள் ஆதரவு அலுவலகத்துக்கு மட்டும் நாற்பது புதிய ஊழியர்கள். டேரல் உடனே எழுதிப்போட்டான். ஒன்பதாம் நாள் வேலை கிடைத்தது. அம்மாவின் மனு அன்றைக்கு நூற்று இருபத்தேழாவது நாளில் இருந்தது. அரசாங்கத்துக்கு மனசிருந்தால் வேகம் வரும் என்று டேரலுக்கு அப்போதே விளங்கியது.

அலுவலகத்தில் நாற்காலிகள் இல்லை. எல்லோரும் பெரிய பெரிய ரப்பர் பந்துகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். முதுகுத்தண்டுக்கு நல்லதாம். மேலாளர் ப்ரான்வின், ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிய தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருந்தாள். மணிக்கு ஒரு தடவை மணியடித்து எல்லோரையும் கண்மூடி மூச்சு விடச் சொல்வாள். வெளியே வரிசையில் நிற்பவர்கள் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டு தாங்களும் மூச்சு விடுவார்கள். வேறென்ன செய்ய?

"முதல் விஷயம், டேரல். இங்க 'தாமதம்'ங்கிற வார்த்தை கிடையாது."

"பின்ன எப்படிச் சொல்றது?"

"'பயணம்'. மனு போட்டவங்க எல்லாரும் ஒரு பயணத்துல இருக்காங்க."

"எங்கம்மா நூத்தி இருபத்தேழு நாளா சமையலறையிலேயே உக்காந்திருக்காங்க."

"உள்பயணம்" என்றாள் ப்ரான்வின், கண் இமைக்காமல்.

கூடத்தில் ஒரு மின்பலகை தொங்கியது. 'இந்த அலுவலகத்தில் மனுவுக்குப் பதில் கிடைக்கும் சராசரி நேரம்: 0 நாள்.' டேரல் இரண்டு தடவை படித்தான். பக்கத்துப் பந்தில் உட்கார்ந்து கீரைப் பணியாரம் போல ஒன்றைத் தின்றுகொண்டிருந்த ஸ்டாவ்ரோஸிடம் போனான். ஸ்டாவ்ரோஸுக்கு அங்கே இருபத்தேழு வருஷம். கிரேக்க அம்மா தினமும் கீரை அடை சுட்டுக் கொடுத்தனுப்புவாள்.

"அந்தப் பலகை ரிப்பேரா?"

"சரியாத்தான் இருக்கு, மாப்ளே. மனு வந்த நாள்லேருந்து எண்ணச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

"அப்ப எப்படிப் பூஜ்யம்?"

"முழுசாக் கேளு. திறந்த மனுவை மட்டும்தான் எண்ணணும். திறக்காததுக்கு வயசே கிடையாது. பிறக்காத பிள்ளைக்கு எவன் பிறந்தநாள் கொண்டாடுவான்?"

"அப்ப எதைத் திறக்கிறீங்க?"

"இன்னிக்கு வந்து இன்னிக்கே முடியறதை. 'எனக்கு வேலை கிடைச்சிருச்சு, உங்க பணம் வேண்டாம்'னு எழுதுவாங்கல்ல, அது. லாட்டரி விழுந்தவங்க, பணக்காரனைக் கட்டிக்கிட்டவங்க. வாரத்துக்கு அஞ்சு தேறும். உன் கடுதாசியும் அப்படித்தான் முடிஞ்சுது. நாப்பது நிமிஷம். சுவத்துல மாட்டியிருக்கோம், பாரு."

மாட்டியிருந்தார்கள். 'எனக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி உதவி வேண்டாம். டி. பாஸ்கோ.' சட்டம் போட்டு, கீழே 'சிறந்த பயணம்' என்று எழுதியிருந்தது.

"மத்த மனு?"

"பதினோராயிரத்துச் சொச்சம். பழுக்கட்டும்."

நாற்பது புது ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று டேரல் ஒரு வாரம் கவனித்தான். ஒன்பது பேர் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி நன்றாக இருந்ததா என்று ஆறு பேர் கேட்டு எழுதினார்கள். ஒருத்திக்கு ரப்பர் பந்துகளுக்குக் காற்றடிக்கிற வேலை, அவள் ஒருத்திதான் சாயங்காலம் களைத்துப் போவாள். மூன்று பேர் சராசரி கணக்கிட்டார்கள், அதாவது தினமும் பூஜ்யத்தை ஐந்தால் வகுத்தார்கள். மிச்சப் பேர் போன் எடுத்தார்கள். போன் எடுப்பவர்கள் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு: உங்கள் மனு பத்திரமாக இருக்கிறது.

"வரிசையில நாப்பத்தி மூணாவது இடம்னு ஒரு குரல் சொல்லுதே, அதை யார் எண்ணுறது?" என்று கேட்டான் டேரல்.

"எவனும் எண்ணலை. முப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல தன்னிஷ்டத்துக்கு ஒண்ணைச் சொல்லும். ஒரே எண்ணைச் சொன்னா ஜனங்க சோர்ந்துடறாங்களாம். மாத்தி மாத்திச் சொன்னா நகர்ற மாதிரி இருக்கும்."

டேரல் அன்று வீட்டில் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. முந்தின நாள்தான் அவள் முப்பத்தாறு வரை போய்விட்டதாகச் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ப்ரான்வின் மணியடித்தாள். தொடர்ந்து பூஜ்யம் காட்டியதற்காக அமைச்சர் வெள்ளிக்கிழமை தேங்காய்த்தூவல் கேக் அனுப்பப் போகிறார். ஆளுயரக் கேக். எல்லோரும் கைதட்டினார்கள். பந்தில் உட்கார்ந்து கைதட்டினால் ஆள் குதிக்கும். நாற்பது பேரும் குதித்துக்கொண்டிருக்கும்போது டேரலின் போன் அடித்தது.

"வணக்கம், மக்கள் ஆதரவு அலுவலகம். நான் டேரல் பேசுறேன்."

"எந்த டேரல்?"

"...அம்மா."

"டேய்! நீயா! மூணரை மணி நேரம்டா! நீ வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தாக்கூட சீக்கிரம் பேசியிருப்பேன்!"

"நான் உன்கூடப் பேசக் கூடாதும்மா. சொந்தக்காரங்க போன் வந்தா வரிசையோட கடைசிக்கு அனுப்பணும். விதி."

"அனுப்பித்தான் பாரேன். ராத்திரி ஆட்டு சாப்ஸ் பண்ணலாம்னு இருந்தேன். நாய்க்குப் போட்டுடறேன்."

டேரல் சுற்றிலும் பார்த்தான். "கை எப்படிம்மா இருக்கு?"

"விரல் நீலமா இருக்கு. உன் கால்பந்து டீம் கலர்தானே, பிடிக்கும்னு நெனச்சேன்."

"ஹீட்டரைப் போடும்மா. நான்தான் இப்ப சம்பாதிக்கிறேனே."

"முப்பத்தொரு வருஷம் உழைச்சிருக்கேன். என் காசுலதான் குளிர் காய்வேன். என் மனு என்னடா ஆச்சு? அதைச் சொல்லு."

முன்னால் அட்டையில் எழுதியிருந்ததை டேரல் படித்தான். "உங்கள் மனு பத்திரமாக இருக்கிறது."

மறுமுனையில் நாயைக் காலிலிருந்து இறக்கிவிடுகிற சத்தம் கேட்டது.

"நானும் பத்திரமாத்தான் இருக்கேன், ஃப்ரிட்ஜ்ல வச்ச கறி மாதிரி" என்றாள் நோலீன். போனை வைத்துவிட்டாள்.

டேரல் பந்திலிருந்து இறங்கினான். இறைச்சித் தொழிற்சாலையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். அங்கே ஒரு நிமிஷம் கை நின்றால் பின்னால் பதினேழு ஆடு சேர்ந்துவிடும், திட்டு விழும். ஒருத்தரும் அதற்குப் பயணம் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

"ஸ்டாவ்ரோஸ், சொந்தக்காரங்க மனுவை நான் தொடக் கூடாது. சரிதானே?"

"சரி."

"வேற ஆள் தொடலாம். அதுவும் விதிதானே?"

ஸ்டாவ்ரோஸ் கீரை அடையைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். "இருபத்தேழு வருஷமா ஒரு பழைய மனுவைத் திறந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னு ஆசை, மாப்ளே. தீ பிடிக்கும்னு சொல்லுவாங்க." சொல்லிவிட்டு 'திற' என்பதை அழுத்தினான்.

தீ பிடிக்கவில்லை. வயது சரி. பிறப்புச் சான்றிதழ் இருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த கடிதம் இருந்தது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை. 'அனுமதி'யை அழுத்தியபோது ஸ்டாவ்ரோஸ் கடிகாரத்தைப் பார்த்தான். நூற்று நாற்பத்து மூன்று நாள் காத்திருந்த மனு பதினோரு நிமிஷத்தில் முடிந்திருந்தது.

கூடத்தில் பலகை ஒரு தடவை கண்சிமிட்டி, 0 என்பதை அழித்துவிட்டு 24 என்று காட்டியது. ஐந்து பூஜ்யம், ஒரு நூற்று நாற்பத்து மூன்று, கூட்டி ஆறால் வகுத்தால் இருபத்து நாலு. சராசரிக்காரர்கள் மூன்று பேரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிஜமாக வகுத்தார்கள்.

"யாரு திறந்தது?" ப்ரான்வினின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

அந்த நேரம் டேரல் வரிசையின் உச்சியிலிருந்த மனுவைத் திறந்திருந்தான். வரிசை தேதிப்படி இல்லை, புதுசும் பழசும் கலந்து கிடந்தது. அதன் வயது முன்னூற்றுப் பதினொரு நாள். அதுவும் பதினோரு நிமிஷம்தான் ஆனது. அதற்கு அடுத்தது ஒன்பது. வெள்ளிக்கிழமைக்குள் எழுபது மனு முடிந்தது. பலகை 131 காட்டியது. கேக் கொண்டுவந்த வண்டிக்காரன் வாசலில் பலகையைப் பார்த்தான், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான், கேக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டான். சக ஊழியர்கள் டேரலை அதற்காகத்தான் மன்னிக்கவில்லை.

ஜனங்கள் பாராட்டுவார்கள் என்று டேரல் நினைத்தான். திங்கட்கிழமை ஒரு அம்மாள் குடையால் கண்ணாடியைத் தட்டினாள்.

"போன வாரம் பூஜ்யம்னு போட்டிருந்துது! இப்ப நூத்தி முப்பத்தொண்ணு! என்னய்யா பண்றீங்க உள்ள?"

"உங்க மனு போட்டு எத்தனை நாளாச்சும்மா?"

"நூத்தி அறுபது."

"அப்ப பூஜ்யம்னு போட்டிருந்தப்ப உங்களுக்குக் கோவம் வரலியா?"

"அப்ப நம்பிக்கையா இருந்துச்சுல்ல!"

பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். முந்தின வாரம் பென்ஷன் வாங்கிப்போன ஒருவரும் அங்கே நின்று ஆமாம் போட்டார். அலுவலகம் சீரழிந்துவிட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. காரணமான ஊழியரை நீக்கக் கோரி கடைத்தெருவில் கையெழுத்து வேட்டை நடந்தது.

டேரல் வீட்டுக்கு வந்தான். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நாய் மல்லாந்து கிடந்தது. நோலீன் கோட்டைக் கழற்றி மாட்டியிருந்தாள். விரல்கள் ரோஜா நிறத்தில் இருந்தன.

"பத்திரிகையைப் பாத்தியா? பூஜ்யத்துல இருந்ததை நூத்தி முப்பத்தொண்ணு ஆக்கிட்டாங்களாம். எவனோ புதுசா வந்த தடியன். நல்ல வேளை, என்னோடதை யாரோ பழைய ஆளு முடிச்சுக் குடுத்தாங்க. நீ அந்தத் தடியன்கூடச் சேராதடா."

"அந்தத் தடியன் நான்தாம்மா."

நோலீன் சாப்ஸைத் திருப்பிப் போட்டாள். இன்னொரு தடவையும் திருப்பினாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா? கையெழுத்துப் போட்டுட்டேனேடா."

இரண்டாயிரத்து நூறு கையெழுத்துள்ள அந்தக் கோரிக்கை செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தது. அன்றே திறக்கப்பட்டது, அன்றே ஏற்கப்பட்டது. பூஜ்யம் நாள். சுவரில் டேரலின் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் அதையும் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

ப்ரான்வின் ஒரு காகிதத்தோடு வந்தாள். குரல் பழையபடி இறங்கியிருந்தது.

"டேரல், உங்க பயணம் இங்க முடியுது. வீட்டுக்குப் போங்க. விசாரணைப் பிரிவுக்குப் போன் போட்டு வரிசையில காத்திருங்க. உங்க கோப்பைத் திறந்ததும் கூப்பிடுவாங்க."

"எப்பத் திறப்பாங்க?"

"அது பத்திரமா இருக்கும்."

"என் கம்ப்யூட்டரை நிறுத்திட்டீங்களா?"

ப்ரான்வின் தண்ணீர் பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "நிறுத்தச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதியாச்சு. அவங்க இன்னும் திறக்கலை."

ஸ்டாவ்ரோஸ் அடையைப் பாதியாகப் பிய்த்து டேரல் பக்கம் நீட்டினான். வெளியே குடைக்கார அம்மாள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய மனு வரிசையில் நாற்பத்து மூன்றாவதாக இருந்தது. இது நிஜமாகவே நாற்பத்து மூன்று, டேரல் எண்ணிப் பார்த்திருந்தான்.

வீட்டுக்குப் போய்க் காத்திருக்கச் சொன்னார்கள். டேரல் அடையை வாயில் போட்டுக்கொண்டு, பந்தைக் காலால் தள்ளிவிட்டு, நின்றபடியே அடுத்ததைத் திறந்தான்.