விடிஞ்சா படுத்துக்கிற பேட்டரி

காரை ஸ்டார்ட் பண்ணணும். அன்னைக்கு வேலை அம்புட்டுத்தான்.

நான் தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசு யூனிட்ல போர்மேன். போர்மேன்னா வெடி எப்படிச் செய்யணும்னு சொல்றவன்னு நெனச்சிராதீங்க. எதையெல்லாம் செய்யக்கூடாதுன்னு சொல்றவன். செல்போன் கூடாது. கொண்டை ஊசி கூடாது. நைலான் சேலை கூடாது. எரியிற எதையும் ஆள் இல்லாத இடத்துல விட்டுட்டுப் போகக்கூடாது. தினமும் காலைல கேட்ல நின்னு இதையே ஓதுவேன். வீட்லயும் அதே வாய்தான். என் பொண்டாட்டி செல்போன்ல என் நம்பரை 'கூடாது'ன்னே பதிஞ்சு வச்சிருக்கா.

அன்னைக்கு யூனிட்டுக்கு ஆய்வு ஆபீசர் வர்றதா தகவல். போர்மேன் இல்லாம வேலை ஓடக்கூடாது. ஆபீசர் வந்து நிக்கிறப்ப நான் அங்க இல்லைன்னா யூனிட்டைப் பூட்டிருவாங்க. அதுவும் தீவாளி சீசன்ல. பூட்டுனா அத்தனை பொம்பளைங்க சம்பளமும் போச்சு. 

சாவியைத் திருகுனேன். 'டிக்'னு ஒரு சத்தம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

இது புதுசு இல்ல. கொஞ்ச நாளாவே இதே கூத்துதான். ராத்திரி நல்லா இருக்கிற பேட்டரி விடிஞ்சா செத்துக் கிடக்கும்.

ஆரம்பம் எங்கன்னா, சொந்தக்காரங்க. சிவகாசிப் பக்கம் இருக்கிறவனுக்குப் புரட்டாசி பொறந்துட்டா சொந்தம் பெருகிரும். வருசம் பூரா போன் எடுக்காத சித்தப்பா மகன், "அண்ணே, நல்லாருக்கீகளா?"ன்னு ஆரம்பிப்பான். நல்லாருக்கேன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "நமக்கு ஒரு கிப்ட் பாக்ஸ் எடுத்து வச்சிருங்கண்ணே"ம்பான். கோயம்புத்தூர் அத்தைக்கு ஒண்ணு, தூத்துக்குடி மாமாவுக்கு ரெண்டு. பஸ்லயும் ரயில்லயும் வெடி அனுப்ப முடியாது, ஆள்தான் வந்து எடுத்துட்டுப் போகணும். எடுத்து வைக்கச் சொல்றதுல இருக்கிற அவசரம், எடுத்துட்டுப் போறதுல ஒருத்தருக்கும் கிடையாது.

அதுவரைக்கும் எங்க வைக்கிறது? அடுப்பு எரியிற வீட்டுக்குள்ள வெடிப்பெட்டி கூடாது. நான் போட்ட சட்டம். அதனால எல்லாப் பெட்டியும் கார் டிக்கில ஏறுச்சு.

டிக்கி மூடலை. அமுக்கிப் பாத்தேன். வெடிப்பெட்டியை அமுக்கக்கூடாதுன்னு உடனே ஞாபகம் வந்துச்சு. சணல் கயிறு போட்டுக் கட்டிட்டேன். நல்ல முடிச்சு.

மறுநாள் காலைல பேட்டரி காலி.

விருதுநகர் மிளகாய் மண்டில இருக்கிற என் மச்சினன் போன்லயே வைத்தியம் பாத்தான்.

"அத்தான், ஆல்டர்னேட்டர் போயிருச்சு."

"நீ வண்டியவே பாக்கலியே?"

"சத்தத்த வச்சே சொல்லலாம் அத்தான்."

"சத்தமே வரலைங்கிறேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இவன்கிட்டப் பேசுறதுக்கு வண்டியைத் தள்ளிக்கிட்டே போயிரலாம்னு, எலக்ட்ரீசியன் முருகேசன் பட்டறைக்குக் கொண்டு போனேன். பக்கத்துக் கடைல வெல்டிங் நடக்கும். வெல்டிங் நடக்கிற இடத்துக்கு வெடியோட போகலாமா? நான் யாரு, போர்மேன். அதனால முதல்ல தம்பி வீட்டுக்குப் போய் அத்தனை பெட்டியையும் இறக்கி வச்சேன். தம்பி பொண்டாட்டி வாசல்லயே நின்னுக்கிட்டு, "நாளைக்கே எடுத்துருங்க அத்தான். எங்க வீட்லயும் அடுப்பு எரியுது"ன்னு சொன்னா.

முருகேசன் பேட்டரியைச் சார்ஜ் போட்டு, வண்டியை ஒரு ராத்திரி நிறுத்திப் பாத்தான். காலைல ஒரே திருகுல ஸ்டார்ட் ஆச்சு.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி."

சந்தோசமா வந்தேன். தம்பி வீட்ல பெட்டிகளை ஏத்துனேன். கயித்தைக் கட்டுனேன். விடிஞ்சா பேட்டரி படுத்துருச்சு.

மறுபடி பெட்டியை இறக்கி, மறுபடி பட்டறை. அங்க ராத்திரி பூரா நின்னும் குதிரை மாதிரி கிளம்புது. மறுபடி வீடு, பெட்டி, கயிறு. மறுபடி சாவு.

"வண்டிக்கு உங்க வீடு பிடிக்கல போல அண்ணாச்சி"ன்னான் முருகேசன்.

அதை வீட்ல வந்து பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "வண்டிக்குப் பிடிக்கலியா, உங்களுக்குப் பிடிக்கலியா?"ன்னு அவ கேட்டா.

சந்தேகத்துல பாட்டுப் பெட்டி வயரைக் கழட்டச் சொன்னேன். அப்புறம் ஹாரன். வண்டி ஊமையாச்சு, ஆனாலும் பேட்டரி தேறல. கடைசில பழைய பேட்டரியைக் கழிச்சுட்டு, "இருக்கிறதுலயே பெருசாப் போடு"ன்னேன். அந்தப் பெரிய பேட்டரிதான் ஆய்வு அன்னைக்குக் காலைல 'டிக்'னு சொன்னது.

தெருவே கூடித் தள்ளுச்சு. எதிர்வீட்டு ஜெபராஜ் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புன வெள்ளைச் சட்டையோட தள்ளுனாரு. "போன வாரமும் தள்ளுனமே சார்"னு அவரு கேட்டது காதுல விழாத மாதிரி கிளம்பிட்டேன்.

பாதி வழி தாண்டியிருப்பேன். குறுக்க ஆட்டு மந்தை. பிரேக் போட்டேன். இஞ்சின் நின்னுருச்சு.

ஆடு பூரா போயிருச்சு, நான் மட்டும் நிக்கிறேன். தள்ள ஒரு ஆள் இல்ல. வெறும் கரிசக் காட்டைப் பாத்து யாரைத்தான் கூப்பிடுறது? அப்பத்தான் பின்னாடி ஒரு ஜீப் வந்துச்சு. ரெண்டு கையையும் விரிச்சு நடு ரோட்ல நின்னு மறிச்சேன்.

கண்ணாடி இறங்குச்சு. ஆய்வு ஆபீசர்.

"என்ன போர்மேன், என்னை வரவேற்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்களா?"

"பேட்டரி இறங்கிருச்சு சார்."

"இவ்வளவுதானா? நம்ம டிரைவர் கையில வயர் இருக்கு. ஜீப் பேட்டரில இருந்து கொடுத்தா ஓடிரும்."

டிரைவர் வயரோட இறங்கி, என் பேனட்டைத் தூக்குனாரு. எனக்குள்ள இருந்த போர்மேன் முழிச்சுக்கிட்டான். "வேண்டாம்! பொறி பறக்கும்!"னு அலறிட்டேன்.

டிரைவர் அப்படியே நின்னுட்டாரு. ஆபீசர் மெதுவா இறங்கி வந்தாரு.

"பொறி பறந்தா என்ன? டிக்கில என்ன வச்சிருக்கீங்க?"

இதுக்குத்தான் நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லி வச்சிருக்காங்க.

"சொந்தக்காரங்களுக்கு சார், கொஞ்சம் கிப்ட் பாக்ஸ்."

"கயித்தை அவுங்க."

அவுத்தேன். ஒவ்வொரு பெட்டியா இறக்கி, தூரமா வேப்பமர நிழல்ல வச்சேன். உள்ளோரமா இருந்த கடைசிப் பெட்டியை எடுத்தப்ப ஆபீசர் குனிஞ்சு உள்ள பாத்தாரு. நானும் பாத்தேன்.

டிக்கிக்குள்ள மங்கலா எரிஞ்சுக்கிட்டு ஒரு சின்ன பல்பு. டிக்கியைத் திறந்தா எரியும், மூடுனா அணையும். கயித்துல கட்டுன டிக்கி எப்ப மூடுச்சு? வண்டி நின்னாலும் அது பாட்டுக்கு எரிஞ்சு பேட்டரியைக் குடிச்சிருக்கு. பட்டறைக்குப் போறப்பல்லாம் நான் பெட்டியை இறக்கிட்டேன், டிக்கி ஒழுங்கா மூடிக்கிச்சு, முருகேசன் கண்ணுக்குக் கோளாறே தெரியல. பெட்டி பல்பை ஒட்டி மறைச்சதுல என் கண்ணுக்கு வெளிச்சமும் தெரியல. அந்த அட்டைப் பெட்டியைத் திருப்புனேன். பல்பு ஒட்டியிருந்த இடத்துல வட்டமா, பழுப்பா ஒரு கருகல்.

தினமும் ராத்திரி வண்டி நின்னது என் வீட்டு வாசல்ல, நாங்க படுக்கிற ரூம் ஜன்னலுக்கு நேரா.

ஆபீசர் கத்தல. கத்தியிருந்தாக்கூடத் தேவலை. லைசென்ஸ் உள்ள பட்டாசுக் கடைக்குப் போன் போட்டு, அவங்க வண்டி வந்து பெட்டிகளை குடோனுக்கு ஏத்துற வரைக்கும் கூடவே நின்னாரு. கருகுன பெட்டியை மட்டும் காலி பண்ணி என் கையில கொடுத்தாரு. "இதை வச்சு இன்னைக்கு நீங்களே பாதுகாப்பு வகுப்பு எடுங்க"ன்னாரு.

எடுத்தேன். அவரு ஜீப்லயே யூனிட்டுக்குப் போனா, போர்மேன் இல்லாததால வேலை தொடங்காம பொம்பளைங்க எல்லாம் கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்காங்க. பெட்டியைத் தூக்கிக் காட்டி, பல்பு, கயிறு எல்லாத்தையும் சொன்னேன். யாரோட கார்ங்கிறதை மட்டும் சொல்லல.

முன்னாடி உக்காந்திருந்த செல்வி எந்திரிச்சா. நேத்துத்தான் ஒரே ஒரு கொண்டை ஊசிக்காக அவளை நான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"யாரு சார் அந்தக் கூறுகெட்ட மனுசன்?"

"தெரிஞ்சவருதாம்மா."

"அந்தாளை நம்ம யூனிட் பக்கம் விட்றாதீக சார். எங்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்கு."

ஆபீசர் தொண்டையைச் செருமுனாரு. வேற வழியில்ல. "நான்தாம்மா"ன்னேன். செல்வி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்தா. முதுகு மட்டும் ரொம்ப நேரம் குலுங்குச்சு.

ஆபீசர் யூனிட்டைச் சுத்திப் பாத்துட்டு, "இங்க ஒரு குறையும் இல்ல. போர்மேன்ட்டத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுக் கிளம்புனாரு. யூனிட் தப்பிச்சுச்சு.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அந்தப் பழைய பேட்டரி தினம் ராத்திரி சீக்கிரமே செத்து பல்பை அணைச்சு எங்க உசுரைக் காப்பாத்தியிருக்கு. அதைத்தான் நான் சரியில்லைன்னு தூக்கிப் போட்டுட்டு, விடிய விடிய எரியிற மாதிரி நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கேன்.