பதினொரு மரங்களுக்குப் பொட்டு

புரியாத பாஷையில் நாலு பேர் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தால், விஷயம் என்னவென்று விசாரிக்காமலே அவர்களோடு சேர்ந்து கோபப்படும் திறமை எனக்குப் பிறவியிலேயே உண்டு. மான்ட்ரியலுக்குப் போன புதிதில் அந்தத் திறமையால் ஒரு தெருவையே காப்பாற்றக் கிளம்பினேன். (யாரிடமிருந்து என்று கேட்காதீர்கள். தானாகவே தெரியவரும்.)

எழுபதுகளின் ஆரம்பம். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு வீட்டின் மாடியில் நானும் ஜெயாவும் குடியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. கீழே வீட்டுக்கார அம்மாள், மதாம் ஜானெத். நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எந்திரவியல் சொல்லிக்கொடுத்தேன். பிரெஞ்சில் போன்ஜூர், மெர்ஸி இரண்டும் தெரியும். 'மலாத்' என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள் என்பதை, ஜலதோஷம் பிடித்தபோது ஜெயா சொல்லித்தந்திருந்தாள். அவள் மதாமோடு துணி காயப்போட்டே பாஷையைப் பிடித்துவிட்டவள்.

தெருவின் இருபுறமும் பதினோரு எல்ம் மரங்கள். மேலே போய்க் கிளைகளைக் கோத்துக்கொண்டு தெருவுக்கே பந்தல் போட்டிருந்தன. அவற்றில் பெரியது மதாம் வாசலில் நின்றது. கோடை முழுக்க அந்த அம்மாள் அதன் நிழலில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரிப்பாள். 'என் மரம்' என்றுதான் சொல்வாள்.

ஆயுத பூஜை வந்தது. என்னிடம் ஆயுதம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரு பழைய கார்தான். ஜெயா குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக் கிண்ணத்தில் கொடுத்தாள்.

"காருக்கு ஒரு பொட்டு வச்சுட்டு வாங்க."

வைத்தேன். கிண்ணத்தில் நிறைய மிச்சம் இருந்தது. அந்தக் காருக்கு நிழல் கொடுத்த மதாம் மரத்தைச் சும்மா விட்டால் நான் என்ன மனுஷன்? மரம் பெரியது என்பதால் பொட்டையும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பினேன். பக்கத்து மரம் என்னைப் பார்த்தது. ஒருத்தருக்குப் பரிமாறி மற்றவர்களைப் பார்க்க வைப்பது பந்தி வஞ்சனை இல்லையா? இருட்டுவதற்குள் பதினொன்றுக்கும் வைத்துவிட்டுத்தான் மாடியேறினேன்.

மூன்றாம் நாள் காலை தெருவில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், நகராட்சி லாரி, ஏணி, ரம்பங்கள், நாலைந்து ஆட்கள். மேஸ்திரி கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு மரங்களையும் அதையும் மாறிமாறிப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் வீட்டு உடையிலேயே இறங்கி வந்திருந்தார்கள். மதாம் தன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரங்களை வெட்டப்போகிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அது போதாதா? மேல்சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஓடினேன். எதிர்ப்புக் கடிதம் ஒன்று கை மாறிக்கொண்டிருந்தது. முதல் கையெழுத்தே என்னுடையது. ரம்பத்துக்கு முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். எதிர்வீட்டுக்காரர் என் முதுகில் தட்டினார். அந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. (கடைசியும் அதுதான்.)

சற்று நேரத்தில் பச்சைத் தொப்பி போட்ட மர இன்ஸ்பெக்டர் வந்தார். என் தலைக்குப் பக்கத்திலிருந்த சிவப்புப் பொட்டைக் காட்டி, "மலாத்?" என்றார்.

அவருக்கு என்ன கரிசனம் பாருங்கள். "நோ நோ, நல்லா இருக்கேன். மெர்ஸி. நீங்க எப்படி?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தேன்.

அவர் உரக்க, "மலாத்" என்றார். நான் நெற்றியில் கைவைத்து, காய்ச்சல் இல்லை என்று காட்டினேன். அவர் மரத்தின் மேல் கைவைத்துக் காட்டினார். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம்.

"ஏங்க, இப்படி வாங்க" என்று ஜெயா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு, பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு."

"எல்ம் மரத்துக்கெல்லாம் ஏதோ நோய் வருதாம். வந்த மரத்துல இவங்க சிவப்பா ஒரு பொட்டு வைப்பாங்களாம். வச்சா வெட்டணும்னு அர்த்தமாம்."

"அதுக்குன்னு பதினொண்ணையுமா?"

"அதைத்தான் அவரும் கேக்கறார். இந்தத் தெருவுல அவர் வச்சது ஒண்ணே ஒண்ணுதானாம்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் காருக்கு மட்டும்தானே வைக்கச் சொன்னேன்?"

"கிண்ணத்துல மிச்சம் இருந்துச்சு" என்றேன்.

ஜெயா அதை மொழிபெயர்த்தாள். யாரோ எதிர்ப்புக் கடிதத்தை எடுத்து என் கையெழுத்தைத் திரும்பப் படித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. நடைபாதை ஓரத்து மரம் வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை, நகராட்சிக்குச் சொந்தம். அதில் ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்று விளக்கினார். "பூஜை பண்ணவுமா?" என்று ஜெயா கேட்டாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

சரி, அவர் வைத்தது எந்த மரத்தில்? காகிதத்தில் தெருப் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த வாரம் எத்தனையோ தெருக்களில் குறி போட்டவருக்கு ஞாபகமில்லை. ஆனால் அவருடையது எண்ணெய்ப் பெயின்ட். என்னுடையது தண்ணீரில் குழைத்தது. ஆகவே ஈரத்துணி, வாளி சகிதம் நான் மரம் மரமாகப் போக, தெருவே என் பின்னால் வந்தது.

முதல் மரத்தில் பொட்டு அழிந்தது. அந்த வீட்டுக்காரர் பரீட்சை பாஸானவர் மாதிரி சிரித்தார். இரண்டாவதும் அழிந்தது. ஒவ்வொன்றாகப் பத்தும் அழிந்தன. என் கை முழுக்கச் சிவப்பு.

மிச்சமிருந்தது மதாமின் மரம்.

தேய்த்தேன். குங்குமம் கரைந்து வழிந்தது. அடியில் இன்னொரு சிவப்பு இருந்தது. அன்று அந்தி வெளிச்சத்தில் அதன் மேலேயே அப்பியிருக்கிறேன். இன்னொரு முறை தேய்த்தேன்.

"ப்ளூ ஃபோர்" என்றாள் மதாம்.

நீலம் நாலா? நான் ஜெயாவைப் பார்த்தேன்.

"நீலமும் இல்ல, நாலும் இல்ல. இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொல்றாங்க."

சோப்புப் போட்டேன். பிரஷ் போட்டேன். நகத்தால் சுரண்டினேன். "ப்ளூ ஃபோர், ப்ளூ ஃபோர்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் துணியை என் கையிலிருந்து பிடுங்கித் தானே தேய்த்தாள். இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் நிறுத்திய பிறகு, ஒரு சின்னக் கிளையின் பட்டையை உரித்து, உள்ளே ஓடிய பழுப்புக் கோடுகளைக் காட்டினார். வண்டு பரப்பும் நோய். இதை விட்டுவைத்தால் மற்ற பத்துக்கும் பரவும்.

கணப்புக்கு ஒரு கட்டையாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று மதாம் கேட்டாள். பட்டைக்கு அடியில் வண்டு இருக்கும், ஒரு துண்டுகூடத் தர முடியாது என்றார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து லாரி போய்விட்டது. மதாம் நாற்காலியைக் கொண்டுவந்து வழக்கமான இடத்திலேயே போட்டு, முகத்தில் முழு வெயிலோடு உட்கார்ந்தாள். நான் குடை எடுத்துக்கொண்டு போனேன். அவள் என் சிவந்த கையைப் பார்த்தாள். சிரிப்பாள் போல இருந்தது, சிரிக்கவில்லை. ஆனால் குடையை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அழிக்க முடியாத விஷயங்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். பிள்ளைகள் பரீட்சைத் தாளில் சிவப்பு மையோடு வந்தால் ஜெயா சொல்வாள். இப்போது பிள்ளைகள் எனக்குச் சொல்கிறார்கள். போன வாரம் டாக்டர் என் சர்க்கரை அளவைச் சிவப்பில் வட்டம் போட்டுக் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எண் மாறவில்லை.

தோளுக்குப் பின்னாலிருந்து என் மகள் சொன்னாள்: "ப்ளூ ஃபோர், அப்பா."