பலகைக்கு இப்பால் ஒரு சுதந்திர நாடு

உலக வரலாற்றில் சிறிய நாடுகள் எத்தனையோ தோன்றியுள்ளன. அவற்றுள் தலைசிறந்தது, சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் நானும் என் நண்பர் பெர்னார்டும் நிறுவிய நாடுதான். குடிமக்கள் இருவர். இருவருமே பதவியில் இருந்தோம்.

சிங்கப்பூர் தனிநாடாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சூடு எங்களையும் தொற்றிக்கொண்டது. அந்த மாடியிலிருந்த எங்கள் சங்கத்தில் மாலையும் தலைமையுரையும் எப்போதும் தலைவர் கோவிந்தசாமிக்கே. எனக்கு நன்றியுரை. நான் வாயைத் திறக்கும்போது ஆட்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பிரிவினை கோரினோம். 'வல்லரசு' எதிர்க்கவில்லை.

"சரி தம்பி, எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டார் கோவிந்தசாமி. அந்த அலட்சியத்தில்தான் எங்கள் ரத்தம் கொதித்தது.

பெயர்ப்பலகை தொங்கவிட வசதியாக, தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கத்தைக் கேட்டு வாங்கினோம். அறையின் குறுக்கே கூரைவரை பலகைத் தடுப்பு எழும்பியது. சுதந்திர விழா மாலையில் கடைசிப் பலகையை நானே ஆணியடித்தேன். பெர்னார்ட் கைதட்டினார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"தலைவரே, படிக்கட்டு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"எல்லைப் பிரச்சினை எல்லா நாட்டுக்கும் இருக்கு லா."

சிறப்பு விருந்தினரான தலைமையாசிரியர் வரும் நேரம். என் வாழ்நாளின் முதல் தலைமையுரை சட்டைப்பையில் காத்திருந்தது.

"தம்பி, ரெண்டு பலகைய எடுத்துடவா?" தடுப்புக்கு அப்பால் கோவிந்தசாமியின் குரல்.

"உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதீர்!" என்று முழங்கினார் பெர்னார்ட்.

கீழே தெருவிலிருந்து என் மனைவி ரத்தினம்மா கூப்பிட்டாள். "ஏங்க, விருந்தாளி வந்துட்டாரு! எறங்கி வாங்க!"

"ஆணியப் புடுங்குனா சுதந்திரம் என்னாவறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியே கயிற்றில் கூடையை இறக்கினோம். காலிப் பால் டின்னில் அவள் வாங்கி வைத்த கோப்பி மேலே வந்தது. 'வெளிநாட்டு உதவி' என்று பதிவு செய்தோம்.

விருந்தினர் படியேறி நேராக அண்டை நாட்டில் நுழைந்தார். "நம்ம தம்பியோட விழாதான் சார், உக்காருங்க," என்று கோவிந்தசாமி மாலை போட்டார். சிறிய நாடுகளின் தன்மானம் பற்றி விருந்தினர் அங்கேயே பேசினார். பலகையில் காதை வைத்துக் கேட்டுக் கைதட்டினோம். என் உரையை யாரும் கேட்கவில்லை. பெர்னார்டுக்குப் படித்துக் காட்டினேன், பாதியில் தூங்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரை எழுப்பி, சிறிய நாட்டைச் சிறைவைத்த பெரிய நாட்டைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். ஆணி அத்தனையும் எங்கள் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டவை என்ற வரியை மட்டும், தேசப்பற்றின் காரணமாக, நீக்கிவிட்டோம்.